சென்னையில் புரொபேட் ‘பேக்கேஜ்’ சேவைகள்: எதற்குப் பணம் கொடுக்கிறோம், எது விடுபட்டுப் போகிறது

உயிலைக் கொடுங்கள், ஹைகோர்ட்டில் புரொபேட் (உயில் உண்மையானது என்று கோர்ட் தரும் ஆணை) வாங்கித் தருகிறோம் என்று சொல்லும் இடங்கள் சென்னையில் மூன்று வகை. பாரிமுனையில் தம்புச் செட்டித் தெருவையும் அரண்மனைக்காரத் தெருவையும் சுற்றியிருக்கும் வக்கீல் அலுவலகங்கள் முதல் வகை. ஆன்லைனில் உயில் எழுதித் தரும் நிறுவனங்கள் ஒரே கட்டணத்தில் விற்கும் பேக்கேஜ் இரண்டாவது. சார் பதிவாளர் அலுவலக வாசலில் ஆவண எழுத்தர் கைகாட்டும் ‘நமக்குத் தெரிந்த வக்கீல்’ மூன்றாவது. இங்கே எந்த அலுவலகத்தின் பெயரையும் சொல்லப் போவதில்லை. எந்த இடத்துக்குப் போனாலும் அவர்கள் செய்யும் வேலை உருப்படியானதா என்று நீங்களே பார்த்துக்கொள்ள என்னென்ன கவனிக்க வேண்டும் என்பதுதான் இந்த மதிப்பீடு.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முதல் சந்திப்பில் ‘உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்களா, எங்கே இருக்கிறார்கள், கோர்ட்டுக்கு வருவார்களா?’ என்று கேட்கும் அலுவலகத்தில் வேலையைக் கொடுக்கலாம். சொத்தின் மதிப்பை மட்டும் கேட்டுவிட்டுக் கட்டணம் சொல்லும் இடத்தில் கொடுக்க வேண்டாம். மனு எழுதுவது கடினமான வேலை அல்ல. அதற்குப் படிவமே உண்டு. புரொபேட் கிடைப்பதும் கைநழுவுவதும் சாட்சியிடமும், விடுபட்டுப்போன வாரிசிடமும்தான் இருக்கிறது. பேக்கேஜ் விலைப்பட்டியலில் இந்த இரண்டும் பெரும்பாலும் இருப்பதில்லை.

முதலில், உங்களுக்கு இது தேவையா?

1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213ஆம் பிரிவுதான் இத்தனை நாளும் சென்னைக்காரர்களைப் புரொபேட்டுக்கு அலைய வைத்தது. சென்னை ஹைகோர்ட்டின் நேரடி எல்லைக்குள் எழுதப்பட்ட இந்துக்களின் உயில், அல்லது எங்கே எழுதினாலும் அந்த எல்லைக்குள் இருக்கும் வீடு, மனையைப் பற்றிய உயில் என்றால், புரொபேட் இல்லாமல் அதை வைத்துக் கோர்ட்டில் உரிமையை நிலைநாட்ட முடியாமல் இருந்தது. பௌத்தர், சீக்கியர், ஜைனருக்கும் இதே விதிதான் இருந்தது. மதுரையில் எழுதிய உயிலாக இருந்தாலும் சொத்து மயிலாப்பூரில் என்றால் புரொபேட் வேண்டியிருந்தது. தாம்பரத்தில் எழுதி, சொத்தும் தாம்பரத்தில் என்றால் தேவைப்படவில்லை. முஸ்லிம்களுக்கு இந்தக் கட்டாயம் எப்போதும் இருந்ததில்லை. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தில் விலக்குக் கிடைத்தது.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் இந்த 213ஆம் பிரிவையே நீக்கிவிட்டது. இதை மறைத்து ‘சென்னைச் சொத்துக்குப் புரொபேட் கட்டாயம்’ என்று இன்னமும் சொல்லிப் பேக்கேஜ் விற்கும் அலுவலகத்தை அந்த ஒரு காரணத்துக்காகவே ஒதுக்கிவிடலாம். அதே நேரம், ‘இனி புரொபேட்டே கிடையாது’ என்று சொல்வதும் தவறு. கட்டாயம்தான் போனது, விரும்பினால் மனுப்போட்டு வாங்கும் வழி அப்படியே இருக்கிறது. யாருக்கு அது இப்போதும் லாபம்? ஒரு பிள்ளையை ஒதுக்கிவிட்டு எழுதிய உயில், பதிவு செய்யாத உயில், கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது எழுதிய உயில், விரைவில் விற்கப்போகும் சொத்து. இந்த நான்கில் ஒன்று இருந்தாலும் வாங்கிவிடுவது நல்லது. வாங்குபவரின் வக்கீலும் கடன் தரும் வங்கியின் வக்கீலும் சட்டம் மாறிய மறுநாளே பழக்கத்தை மாற்றிக்கொள்ள மாட்டார்கள். அதைவிட முக்கியம், புரொபேட் என்பது ஊரறிந்த தீர்ப்பு. வழக்கில் சேராதவர்களையும் அது கட்டுப்படுத்தும். அம்மா, அப்பா, பிள்ளைகள் எல்லாரும் ஒத்துப்போகும் குடும்பத்தில், பதிவு செய்த உயிலும் வாரிசுச் சான்றும் மற்ற வாரிசுகளின் ஒப்புதலும் இருந்தால், புரொபேட் இல்லாமலே வேலை முடியும். அப்படிப்பட்டவர்களைத் திருப்பி அனுப்பும் அலுவலகங்களும் இருக்கின்றன, அவர்களை நம்பலாம்.

உயிலே இல்லாத குடும்பத்துக்கும் ‘புரொபேட் பேக்கேஜ்’ விற்பவர்கள் உண்டு. உயில் இல்லையென்றால் புரொபேட் என்ற பேச்சுக்கே இடமில்லை. அங்கே வேண்டியது தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, பிறகு பாகப்பிரிவினைப் பத்திரமோ விடுதலைப் பத்திரமோ. வங்கி வைப்பு, பங்குகளுக்குத் தேவைப்பட்டால் கோர்ட்டில் வாங்கும் வாரிசுரிமைச் சான்றிதழ். உயில் இருந்து, அதில் நிறைவேற்றுநர் (உயிலில் சொன்னதைச் செய்து முடிக்கும் பொறுப்பாளர்) என்று யாரையும் குறிப்பிடவில்லை என்றால் கேட்க வேண்டியது புரொபேட் அல்ல. உயிலை இணைத்த நிர்வாக உரிமைக் கடிதம், அதாவது சொத்தை நிர்வகிக்கக் கோர்ட் தரும் அதிகாரம். இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 222ஆம் பிரிவின்படி புரொபேட், உயிலில் நியமிக்கப்பட்ட நிறைவேற்றுநருக்கு மட்டும்தான். இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் போட்ட மனு ரிஜிஸ்ட்ரியில் திரும்பி வரும். திருத்தி மறுபடி போடுவதில் மாதங்கள் போகும்.

சாட்சியின் பிரமாணப் பத்திரம்: இங்கேதான் வேலை தெரிகிறது

அதே சட்டத்தின் 63ஆம் பிரிவு கேட்பது இது: உயில் எழுதியவர் கையெழுத்திட வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள், அவர் கையெழுத்திட்டதைப் பார்த்திருக்க வேண்டும். அல்லது ‘இது என் கையெழுத்துதான்’ என்று அவர் ஒப்புக்கொண்டதைக் கேட்டிருக்க வேண்டும். சாட்சிகள் ஒவ்வொருவரும் அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் அங்கே இருந்தாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

மனுவோடு ஒரு சாட்சியின் பிரமாணப் பத்திரமாவது போக வேண்டும். மலிவான பேக்கேஜில் தயாராகும் பத்திரத்தில் ‘நான் மேற்படி உயிலில் சாட்சியாகக் கையெழுத்திட்டேன்’ என்ற ஒரு வரி இருக்கும். அது போதாது. அவர் கையெழுத்திட்டதை நான் பார்த்தேன், இன்னொரு சாட்சியும் பார்த்தார், நாங்கள் இருவரும் அவர் பார்க்கக் கையெழுத்திட்டோம், அதை அவரும் பார்த்தார், அப்போது அவர் தெளிந்த மனநிலையில் இருந்தார் என்ற எல்லாமும் வர வேண்டும். ஒரே சாட்சியை விசாரித்தால் அவரே மற்ற சாட்சியின் கையெழுத்தையும் நிரூபித்தாக வேண்டும் என்று 2002இல் ஜானகி நாராயண் போயிர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்னொரு சாட்சி எப்போது, யார் முன்னால் கையெழுத்திட்டார் என்று இவருக்குத் தெரியாவிட்டால், இவர் ஒருவர் சாட்சியம் மட்டும் நிற்காது. அந்த இன்னொருவரைத் தேடிப்பிடிக்க வேண்டும். ஆகவே நல்ல அலுவலகம் பத்திரத்தை எழுதிவிட்டுச் சாட்சியைக் கூப்பிடாது. சாட்சியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அன்று என்ன நடந்தது என்று அவர் வாயால் சொல்லவிட்டு, அதன் பிறகு எழுதும்.

சாட்சி இறந்துபோயிருந்தால்? ஒருவர் இருக்கிறார் என்றால் பாதகமில்லை. இருவருமே இல்லையென்றால், பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 68ஆம் பிரிவு (பழைய சாட்சியச் சட்டத்தில் 69) வழி விடுகிறது. ஒரு சாட்சியின் கையெழுத்து அவருடையதுதான் என்பதையும், எழுதியவரின் கையெழுத்தையும், அந்தக் கையெழுத்துகளை நன்கு அறிந்தவர்களைக் கொண்டு நிரூபிக்கலாம். முப்பது வருஷத்துக்கு மேற்பட்ட பத்திரம் என்றால் தானாகவே உண்மை என்று அனுமானிக்கும் விதி உயிலுக்குப் பொருந்தாது. அதைச் சொல்லித் தைரியம் கொடுக்கும் அலுவலகம் படிக்காமல் பேசுகிறது. பதிவு செய்த உயில் என்பதாலேயே சாட்சி வேண்டாம் என்று சொல்வதும் அதே ரகம்தான். பதிவு, உயிலுக்குப் பலம் சேர்க்கும். சாட்சிக்கு மாற்று ஆகாது.

ஆன்லைன் படிவங்களில் இன்னொரு குழப்பம் அடிக்கடி வருகிறது. உயிலால் பலன் அடைபவர் சாட்சியாகக் கையெழுத்திட்டால் அவருக்கு எழுதிய பங்கு செல்லாது என்று அவை எச்சரிக்கும். அந்த விதி இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 67ஆம் பிரிவு. இந்துக்களின் உயிலுக்கு எந்தெந்தப் பிரிவுகள் பொருந்தும் என்று சொல்லும் மூன்றாம் அட்டவணையில் 67 இல்லை. ஆகவே இந்து உயிலில் அந்தப் பங்கு தானாக விழுந்துவிடாது. ஆனால் எதிர்த்தரப்புக்கு அது கேள்வி கேட்க நல்ல வாய்ப்பு என்பதால், தவிர்ப்பதே நல்லது.

மூல உயிலை எப்படிக் கையாளுகிறார்கள்

அலுவலகத்தில் மூல உயிலைக் கொடுக்கும்போது அவர்கள் கையைப் பாருங்கள். பஞ்ச் மெஷினை எடுத்து ஓட்டை போட்டுக் கோப்பில் கோர்க்கிறார்களா? பழைய ஸ்டேபிள் பின்னைக் கழற்றி ஜெராக்ஸ் எடுத்துவிட்டுப் புதுப் பின் அடிக்கிறார்களா? அப்படியென்றால் உடனே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். வழக்கு ஏற்பட்டால் எதிர்த்தரப்பு முதலில் பார்ப்பது நடுப்பக்கம் மாற்றப்பட்டதா என்பதைத்தான். முதல் தாளில் இரண்டு ஜோடி துளை, இரண்டாம் தாளில் ஒரு ஜோடி துளை என்றால் அந்த ஒன்றை வைத்தே மணிக்கணக்கில் குறுக்கு விசாரணை நடக்கும். லேமினேஷன் இன்னும் மோசம்: மை, தாள், அழுத்தம் எதையும் நிபுணர் பார்க்க முடியாமல் போகும். கழற்றாமல், இரண்டு பக்கமும் கலரில் ஸ்கேன் எடுத்து, எத்தனை தாள், எந்தப் பக்கத்தில் எத்தனை கையெழுத்து, எங்கே அடித்தல் திருத்தல் என்று எழுதி ரசீது கொடுக்கும் இடம்தான் சரியான இடம்.

மூல உயில் மனுவோடு கோர்ட்டுக்குப் போய்விடும். புரொபேட் வந்த பிறகும் அது கோர்ட் காவலில்தான் இருக்கும். உங்களுக்குக் கிடைப்பது உயிலின் நகல் இணைத்து, கோர்ட் முத்திரையோடு வரும் ஆணை. இதை முன்கூட்டியே சொல்லாத அலுவலகங்களால், வீடு விற்கும் நேரத்தில் ‘ஒரிஜினல் உயில் எங்கே’ என்று வாங்குபவர் கேட்கும்போது குடும்பம் திகைத்து நிற்கிறது. தமிழில் எழுதிய உயில் என்றால் மனுவோடு ஆங்கில மொழிபெயர்ப்பும் போக வேண்டும். அதற்கான செலவும் நாளும் கட்டணத்தில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

மனுவிலிருந்து ஆணை வரை

ஹைகோர்ட் ஒரிஜினல் சைடில் (வழக்கை நேரடியாக விசாரிக்கும் பிரிவு) இது ஓ.பி.யாக (ஒரிஜினல் பெட்டிஷன்) போகும். மனுவில் இறந்த நாள், இதுதான் கடைசி உயில் என்ற உறுதி, முறையாகக் கையெழுத்தானது, கைக்கு வரக்கூடிய சொத்தின் மதிப்பு, மனுதாரர்தான் நிறைவேற்றுநர் என்ற ஐந்தும் வர வேண்டும். கூடவே இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, சொத்துப் பத்திரங்களின் நகல், சாட்சியின் பிரமாணப் பத்திரம், சொத்து விவரப் பிரமாணப் பத்திரம். இறந்து ஏழு முழு நாள் கழியும் முன் புரொபேட் கொடுக்க முடியாது. நிர்வாக உரிமைக் கடிதத்துக்குப் பதினான்கு நாள். மறுபக்கம், மூன்று வருஷத்தைத் தாண்டிவிட்டால் தாமதத்துக்கான காரணத்தை மனுவிலேயே விளக்கியாக வேண்டும். ‘உயிலுக்குக் காலவரம்பே இல்லை’ என்று நிதானமாகச் சொல்லும் அலுவலகம், 2008இல் குன்வர்ஜீத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் மூன்று வருஷ வரம்பைப் புரொபேட்டுக்கும் பொருத்தியதைத் தவறவிட்டிருக்கிறது.

சொத்து விவரப் பத்திரத்தில் இரண்டு இணைப்பு. ஒன்றில் வீடு, மனை, வங்கி இருப்பு, பங்கு, நகை. மற்றதில் கடன், அடமானம், ஈமச்சடங்குச் செலவு போன்ற கழிவுகள். கோர்ட் ஃபீஸ் இந்தக் கணக்கின் மேல்தான் ஓடுகிறது. இரண்டாவது இணைப்பை ‘இல்லை’ என்று வெறுமனே விட்டுவிடும் அலுவலகங்கள் அதிகம். வீட்டுக் கடன் பாக்கி இருக்கும்போது அப்படி விட்டால் உங்கள் பணம் வீணாகும். ஒரு சொத்து விடுபட்டால் பிறகு அதைச் சேர்க்க மறுபடி மனு வேண்டும் என்பதால், பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துவிட்டுப் பட்டியல் எழுதுகிறார்களா என்பதையும் கவனியுங்கள். பெங்களூரில் ஒரு ஃபிளாட் இருக்கிறது என்றால், மற்ற மாநிலங்களிலும் செல்லும்படி ஆணை வேண்டும் என்று மனுவின் பிரார்த்தனையிலேயே (கோர்ட்டிடம் வேண்டுவதைச் சொல்லும் பகுதி) கேட்க வேண்டும். ஹைகோர்ட் தரும் ஆணைக்கு வாரிசுரிமைச் சட்டத்தின் 273ஆம் பிரிவு அந்த வீச்சைக் கொடுக்கிறது. ஆனால் ஆணையில் ‘தமிழ்நாடு முழுவதும்’ என்று மட்டும் வந்துவிட்டால் பெங்களூர் வேலை அங்கேயே நிற்கும்.

மனுவுக்குக் கோர்ட் எண் கொடுத்ததும் வாரிசுகளுக்கு நோட்டீஸ், பத்திரிகையில் அறிவிப்பு. சென்னையில் மக்கள் குரல், டிரினிட்டி மிரர் போன்ற நாளிதழ்களில் இந்த அறிவிப்புகளைப் பார்க்கலாம். எதிர்த்து யாரும் வரவில்லை என்றால் மாஸ்டர் (சாட்சியம் பதிவுசெய்யும் ஹைகோர்ட் அதிகாரி) முன்பு சாட்சியம். மனுதாரர் முதல் சாட்சி, உயில் சாட்சி இரண்டாவது. உயிலைக் காட்டி, ‘இது யார் கையெழுத்து, இது யாருடையது’ என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஆவண எண் போடுவார்கள். பத்து நிமிஷ வேலைதான்; ஆனால் அன்று வயதான சாட்சியைக் கொண்டுவந்து சேர்ப்பது யார் பொறுப்பு என்பது பேக்கேஜில் எழுதியிருக்காது. சாட்சிக்கு உடம்பு முடியவில்லை என்றால் வீட்டுக்கே போய் சாட்சியம் பதிவுசெய்ய ஆணையர் நியமிக்கக் கேட்கலாம். அந்த மனுவுக்குத் தனிக் கட்டணமா என்பதை முன்பே பேசிவிடுங்கள்.

வாரிசுப் பட்டியலில்தான் அடுத்த ஆபத்து. இறந்தவரின் அம்மா உயிரோடு இருந்தால் அவரும் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் முதல் வகுப்பு வாரிசு. மனைவி, மக்களை மட்டும் எழுதிவிட்டு ஊரில் இருக்கும் பாட்டியை விட்டுவிடுவது சர்வ சாதாரணமாக நடக்கிறது. முன்பே இறந்துபோன மகளின் பிள்ளைகளும் இப்படித்தான் விடுபடுகிறார்கள். நோட்டீஸ் போகாத வாரிசு, வருஷங்கள் கழித்து இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 263ஆம் பிரிவில் வந்து ஆணையை ரத்துசெய்யக் கேட்கலாம். அதற்குள் வீடு கைமாறியிருந்தால் வாங்கியவரும் சேர்ந்து கோர்ட் ஏறுவார். ‘அவங்களுக்கு எதுக்கு நோட்டீஸ், தேவையில்லாம கிளப்பிவிடணுமா’ என்று ஆலோசனை சொல்லும் அலுவலகத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் வாரிசின் பவர் பத்திரம் இந்தியாவுக்கு வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டப்பட வேண்டும் என்பதையும் பலர் கோட்டை விடுகிறார்கள்.

கட்டணத்தை எப்படிப் பார்ப்பது

ஒரே தொகை என்று சொன்னாலும் அதைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்: வக்கீல் கட்டணம், கோர்ட் ஃபீஸ், பத்திரிகை அறிவிப்பு, பேட்டா (நோட்டீஸ் அனுப்பும் செலவு), மொழிபெயர்ப்பு, சான்றிட்ட நகல். கோர்ட் ஃபீஸ் அரசுக்குப் போவது. அதற்கு ரசீது உண்டு, அதை உங்களிடம் கொடுக்க வேண்டும். ‘கையில் எதுவும் வேண்டாம், சொத்து வந்ததும் இத்தனை சதவீதம்’ என்பது இந்திய பார் கவுன்சில் விதிகள் தடைசெய்த ஏற்பாடு. ஆன்லைன் நிறுவனம் என்றால், வக்காலத்தில் கையெழுத்திடும் வக்கீல் யார், அவரோடு நேராகப் பேச முடியுமா என்று கேளுங்கள். நிறுவனம் கோர்ட்டில் ஆஜராக முடியாது; வக்கீல்தான் ஆக முடியும். நடுவில் வக்கீலை மாற்ற வேண்டி வந்தால் ஏற்கெனவே இருப்பவரின் ஆட்சேபணையில்லாக் கையெழுத்து தேவைப்படும். முகம் தெரியாத வக்கீலிடம் அதை வாங்க அலைவது பெரும் பாடு.

எதிர்ப்பு வந்துவிட்டால்

பெரும்பாலான பேக்கேஜ்களின் அடியில் சின்ன எழுத்தில் ‘எதிர்ப்பு இல்லாத மனுக்களுக்கு மட்டும்’ என்று இருக்கும். ஒருவர் கேவியட் (‘என்னைக் கேட்காமல் ஆணை தரக் கூடாது’ என்ற மனு) போட்டு, பிரமாணப் பத்திரத்தோடு ஆட்சேபித்தால் ஓ.பி. அப்படியே டி.ஓ.எஸ். (டெஸ்டமென்டரி ஒரிஜினல் சூட்) என்ற சிவில் வழக்காக மாறுகிறது. மனுதாரர் வாதி ஆகிறார்; எழுவினா (கோர்ட் முடிவு செய்ய வேண்டிய கேள்விகள்), சாட்சி, குறுக்கு விசாரணை எல்லாம் வரும். வேலை மாதக் கணக்கிலிருந்து வருஷக் கணக்குக்குப் போய்விடும். அங்கே தேவைப்படும் திறமை வேறு. பேக்கேஜ் எடுத்த இடத்திலேயே தொடர வேண்டும் என்று கட்டாயமில்லை.

இந்த வழக்கில் உயில் கொண்டுவருபவர்தான் சந்தேகத்தைத் தீர்க்க வேண்டும் என்பது 1958இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வெங்கடாசல ஐயங்கார் வழக்கிலிருந்து இன்றுவரை மாறாத நிலை. உயிலால் லாபம் அடைபவரே அதை எழுத ஏற்பாடு செய்தாரா, கையெழுத்து நடுங்கியிருக்கிறதா, மனைவியையோ ஒரு பிள்ளையையோ காரணம் சொல்லாமல் விட்டிருக்கிறதா, கடைசி வரிக்கும் கையெழுத்துக்கும் நடுவே பொருத்தமில்லாத இடைவெளி இருக்கிறதா என்று கோர்ட் பார்க்கும். இதற்குத் தயாராகும் அலுவலகம் முதல் வாரத்திலேயே ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரியையும், அதே காலத்து வங்கி மாதிரிக் கையெழுத்து அட்டையையும், பாஸ்போர்ட் கையெழுத்தையும், பென்ஷன் ஆவணத்தையும் கேட்கும். பத்து வருஷத்துக்கு முந்தைய கையெழுத்தை வைத்து நிபுணரிடம் அனுப்பினால் பயன் குறைவு. உயில் தேதிக்கு முன்னும் பின்னும் அருகில் உள்ள கையெழுத்துகள் வேண்டும்.

எதிர்ப்பவர் பக்கமும் நன்றாகப் பணம் வாங்கிக்கொண்டு தவறான வழக்கு போடுபவர்கள் இருக்கிறார்கள். புரொபேட் கோர்ட் பார்ப்பது உயில் உண்மையா என்பதை மட்டும். ‘அது பூர்வீகச் சொத்து, அப்பாவுக்கு எழுதவே உரிமையில்லை’ என்ற வாதத்தை அங்கே வைத்தால் எடுபடாது. அதற்குத் தனியே பாகப்பிரிவினை வழக்கு வேண்டும். மகளுக்கும் பிறப்பால் பங்கு உண்டு என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டம் திருத்தியது. மத்தியச் சட்டம் 2005இல் வந்தது. 2020இல் வினீதா சர்மா தீர்ப்பு, 2005க்கு முன்பே அப்பா இறந்திருந்தாலும் அந்த உரிமை உண்டு என்றது. ஆகவே பூர்வீகச் சொத்தில் அப்பா உயில் எழுத முடிவது தன் பங்குக்கு மட்டும்தான். இரண்டு வழக்கையும் ஒன்றாக விசாரிக்கக் கேட்டு மனுப்போடும் வக்கீலே வேலை தெரிந்தவர். இல்லாவிட்டால் ஒரே சாட்சியை இரண்டு இடத்தில் நிறுத்த வேண்டி வரும்.

பாகப்பிரிவினை வழக்கில் கோர்ட் ஃபீஸும் கவனிக்க வேண்டியது. தமிழ்நாடு கோர்ட் ஃபீஸ் சட்டத்தின் 37ஆம் பிரிவில் இரண்டு உட்பிரிவு. நீங்களும் கூட்டு அனுபவத்தில் இருக்கிறீர்கள் என்றால் குறைந்த நிலையான கட்டணம். வெளியேற்றப்பட்டுவிட்டீர்கள் என்றால் பங்கின் மதிப்பில் சதவீதம். செலவை மிச்சம் பிடிக்க முதல் வகையில் போட்டுவிட்டு, ‘என்னை வீட்டுக்குள்ளேயே விடவில்லை’ என்று அதே மனுவில் எழுதுவது தலைவலியை விலைகொடுத்து வாங்குவது. ஒரு கோடி வரையிலான வழக்கு சிட்டி சிவில் கோர்ட்டுக்கும், அதற்கு மேல் ஹைகோர்ட்டுக்கும் போகும்.

வங்கியில் நாமினி இருக்கிறார், ஆகவே அந்தப் பணம் அவருக்கே என்று சொல்லி எதிர்த்தரப்பை மிரட்டும் கடிதங்களும் சில அலுவலகங்களிலிருந்து வருகின்றன. நாமினி பணத்தை வாங்கி வைத்திருப்பவர்தான். உரியவர் வாரிசோ உயிலில் சொல்லப்பட்டவரோ என்பதைப் பங்குகள் விஷயத்தில்கூட 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்திருக்கிறது.

சமரச மையம்

இந்தச் சேவைகளில் நாங்கள் மனதாரப் பரிந்துரைப்பது ஹைகோர்ட் வளாகத்திலேயே இயங்கும் தமிழ்நாடு சமரச மையத்தை. 2005இல் தொடங்கியது; கோர்ட்டோடு இணைந்த சமரச மையங்களில் நாட்டுக்கே முன்னோடி. அண்ணன் தம்பி, அக்கா தங்கை வழக்குகளுக்குப் பொருத்தமான இடம் இது. ஏனென்றால் பேச்சு பெரும்பாலும் வீட்டைப் பற்றியதாக மட்டும் இருப்பதில்லை. அம்மாவை யார் பார்த்துக்கொண்டது, கல்யாணச் செலவு யார் தலையில் விழுந்தது என்பதெல்லாம் வெளியே வர வேண்டியிருக்கிறது. குறுக்கு விசாரணையில் அதற்கு இடமில்லை. அங்கே பேசியது கோர்ட்டில் சாட்சியம் ஆகாது. உடன்பாடு ஆகிவிட்டால் கட்டிய கோர்ட் ஃபீஸ் திரும்பக் கிடைக்கும். மையத்துக்குப் போகாமல் தங்களுக்குள் பேசி முடித்தாலும் கோர்ட் ஃபீஸ் சட்டத்தின் 69-ஏ பிரிவில் அந்தச் சலுகை உண்டு என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதைக் கேட்டு வாங்கித் தராத வக்கீல் உங்கள் பணத்தை விட்டுக்கொடுக்கிறார்.

ஒன்று மட்டும்: சமரசமானாலும் உயில் உண்மை என்று கோர்ட் தானே திருப்தியடைய வேண்டும். கேவியட்டைத் திரும்பப் பெற்ற பிறகு சாட்சியை நிறுத்தி நிரூபித்தே ஆணை வாங்க வேண்டும். அல்லது புரொபேட்டையே விட்டுவிட்டு எல்லாரும் சேர்ந்து குடும்பத்துக்குள் செட்டில்மென்ட், விடுதலைப் பத்திரங்களாகப் பதிவு செய்துகொள்ளலாம். 2023 ஜூலையிலிருந்து குடும்ப உறுப்பினர்களுக்குள் இவற்றுக்கு முத்திரைத் தீர்வை உச்சவரம்பு 40,000 ரூபாய், பதிவுக் கட்டண உச்சவரம்பு 10,000 ரூபாய். வழக்குச் செலவோடு ஒப்பிட்டால் இந்த வழி பல குடும்பங்களுக்கு மலிவு. நிரந்தரமும்கூட.

ஆணை கைக்கு வந்த பிறகு

பேக்கேஜ் இங்கே முடிந்தது என்பார்கள். ஆனால் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 317ஆம் பிரிவு, ஆணை கிடைத்து ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலையும், ஒரு வருஷத்துக்குள் கணக்கையும் கோர்ட்டில் தாக்கல் செய்யச் சொல்கிறது. இதைச் சொல்லிக் கொடுத்து, தேதியையும் குறித்துக் கொடுக்கும் அலுவலகங்கள் குறைவு. கட்டணம் பேசும்போதே இதையும் சேர்த்துப் பேசுங்கள். நிர்வாக உரிமைக் கடிதம் என்றால் ஜாமீன் பத்திரமும் உண்டு.

ஆணையின் நகலை வாங்கும் அன்றே சொத்து அட்டவணையை மூலப்பத்திரத்தோடு வைத்து வரி வரியாக ஒத்துப் பாருங்கள்: பழைய சர்வே எண், டவுன் சர்வே எண், பிளாக், கதவு எண், நான்கெல்லை, ஃபிளாட் என்றால் பிரிபடாத பங்கின் அளவு, இறந்தவரின் பெயரும் தலைப்பெழுத்தும். ஒரு எண் மாறியிருந்தால் தாலுகா அலுவலகத்தில் பட்டா மாறாது, மாநகராட்சியில் சொத்து வரிப் பெயர் மாறாது, குடிநீர் வாரியத்திலும் மாறாது. திருத்த மனுவை வக்காலத்து உயிரோடு இருக்கும்போதே, அதே வக்கீலைக் கொண்டு, கூடுதல் கட்டணமில்லாமல் போட வைக்கலாம். சான்றிட்ட நகல்களை மூன்று நான்காக ஒரே விண்ணப்பத்தில் வாங்கிவிடுங்கள். வங்கி, டீமேட் பங்கேற்பாளர், தாலுகா அலுவலகம் ஒவ்வொன்றும் தனித்தனியே ஒன்று கேட்கும்.